வில்லியம்ஸ்பர்க் ஆளுநர் மாளிகை: விடுபட்ட வரிகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்பர்க் நகரின் ஆளுநர் மாளிகை முன் நிற்பவர்கள் அதனை மூன்று நூற்றாண்டுப் பழமையான கட்டடம் என்றே எண்ணுவர். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். உண்மையில் அது 1934இல் திறக்கப்பட்டது.

பிரித்தானிய அரசின் ஆளுநர்களுக்காக 1706இல் தொடங்கிய மூல மாளிகையின் பணி 1722 வாக்கில் முடிந்தது. 1710இல் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட், தோட்டம், மீன்குளம், கால்வாய் எனச் செலவைப் பெருக்கிச் சட்டமன்றத்தின் சினத்துக்கு ஆளானார். 'அரண்மனை' என்னும் பெயரே அச்சினத்தில் பிறந்த ஏளனம் என்பர். 1775 ஜூன் 8ஆம் நாள், கடைசி அரச ஆளுநரான டன்மோர் பிரபு மாளிகையை விட்டு வெளியேறிப் போர்க்கப்பலில் தஞ்சம் புகுந்தார். பின்னர் தாமஸ் ஜெஃபர்சன் சிறிது காலம் இங்கே வாழ்ந்தார். 1780இல் தலைநகர் ரிச்மண்டுக்கு மாறியது. 1781 அக்டோபரில், பிற்பாடு இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்த அதே கார்ன்வாலிஸ் அருகிலுள்ள யார்க்டவுனில் சரணடைந்தார். அப்போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்களுக்கு மாளிகை மருத்துவமனையாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 22 இரவு அது தீக்கிரையானது.

1926இல், குட்வின் என்னும் பாதிரியாரின் கனவுக்கு ராக்ஃபெல்லர் பொருளுதவி செய்ய முன்வந்தபின் நகர மீட்பு தொடங்கியது. மாளிகைக்கு மூன்று சான்றுகள் துணைநின்றன: மண்ணுக்குள் கிடந்த அடித்தளம், ஜெஃபர்சன் அளந்து வரைந்த தளப்படம், 1929இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் கிடைத்த செப்புத்தகட்டு ஓவியம். அறைகளை நிரப்பப் பின்னர் உதவியது, 1770இல் மறைந்த ஆளுநர் போட்டிடார்ட்டின் உடைமைப் பட்டியல். 16,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் உள்ளன.

தோட்டத்துக்கு இத்தகைய சான்றுகள் குறைவு. ஆர்தர் ஷர்க்ளிஃப் என்னும் நிலவடிவமைப்பாளர் இடைவெளிகளை ஆங்கிலத் தோட்டங்களைக் கொண்டு நிரப்பினார். சிறுவர்கள் ஓடி மகிழும் புதர்ச் சுழல்பாதை, இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் சாயல்.

ஆனால் அத்தோட்டத்து மண் தனக்கென ஒரு சான்றை வைத்திருந்தது. 1930இல் அகழ்ந்தபோது 150க்கும் மேற்பட்டோரின் புதைகுழிகள் வெளிப்பட்டன. யார்க்டவுன் மருத்துவமனையில் மாண்டவர்கள் அவர்கள். நான் ரசித்து நடந்த பசுமைக்குக் கீழே ஒரு மயானம் இருப்பதை அறிந்தபின் நடை தானாகத் தளர்ந்தது.

புறநானூற்றைப் பாடம் சொல்கையில் 267, 268ஆம் பாடல்களுக்கு வந்தால் நின்றுவிடுவோம். அவை கிடைக்கவில்லை. பதிப்பாசிரியர் அவ்விடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார். தாமாக ஒரு பாட்டெழுதிச் சேர்க்கவில்லை. ஏடு பதிப்பிப்பவருக்கு அந்த நேர்மை எளிது. கட்டடத்தில் சுவரின் ஒரு பகுதியைப் புள்ளியிட்டு விட இயலாது. தெரியாததையும் செங்கல்லால் கட்டியே ஆகவேண்டும். அதனாலேயே அது நம்மை எளிதில் நம்பவைத்துவிடுகிறது.

எஞ்சும் சான்றுகளும் எல்லார்க்கும் சமமாக எஞ்சுவதில்லை. ஆளுநரின் தட்டுமுட்டுகளை எண்ணி எழுத ஆட்கள் இருந்தனர். அவற்றைத் துலக்கிய அடிமைகளின் மனத்தை எழுதி வைக்க எவருமில்லை. புரட்சிக்காலத்தில் இந்நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். ஆயினும் அவர்கள் கதையைப் பார்வையாளர்க்கு முறையாகச் சொல்லும் முயற்சி 1979இல்தான் தொடங்கியது.

மீட்டுக் கட்டுதல் பிழையன்று. அது இல்லையேல் இங்கே வெறும் புல்வெளியைத்தான் பார்த்திருப்போம். எது கண்டெடுத்தது, எது ஊகித்தது, எது இன்னும் சொல்லப்படாதது என்பதைக் கேட்டுக்கொண்டே அதற்குள் நடக்கவேண்டும், அவ்வளவுதான்.