கன்னியாகுமரி மாவட்டத்தில் இயற்கை ஒளிப்படப் பகிர்வு

இயற்கை ஒளிப்படப் பகிர்வு என்பது காடு, நீர்நிலை, கடற்கரை முதலிய திறந்தவெளிகளில் எடுக்கப்படும் பறவை, விலங்கு, தாவர ஒளிப்படங்களை, அவற்றை இனங்காணவும் திறனாயவும் பயன்படுத்தவும் கூடிய ஒரு குழுவினருடன் பகிர்ந்துகொள்ளும் செயலாகும். தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாக நாஞ்சில் நாட்டுக் குளங்களில், பறவை ஒளிப்படங்களுக்கு இதில் முதன்மையான இடமுண்டு. அழகுக்காக எடுக்கப்பட்ட படமாயினும், நாள், இடம், இனப்பெயர் ஆகிய மூன்றும் அதனுடன் சேரும்போது அது ஓர் ஆவணமாகி விடுகின்றது. இம்மூன்றனுள் இடம் என்பதே சிக்கலுக்கும் காரணமாகின்றது.

களம்

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்த இம்மாவட்டத்தின் பரப்பளவு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர் மட்டுமே. எனினும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள், நெல்வயல்கள், குளங்கள், கழிமுகம், உப்பளம், கடற்கரை ஆகியன ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய தொலைவுக்குள் அமைந்துள்ளன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கு பெய்கின்றன. கன்னியாகுமரி முனையில் எடுக்கப்படும் கதிரவன் தோற்ற, மறைவுப் படங்களே வெளியூரார் அறிந்தவை. ஆனால் பறவைகளைத் தேடிச் செல்வோர் காண்பது நாகர்கோவிலுக்கும் முனைக்கும் இடைப்பட்ட ஈரநிலங்களையே.

சுசீந்திரம் குளம், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊரான தேரூரின் குளம், பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் கழிமுகம், புத்தளம் உப்பளங்கள் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, நீலத் தாழைக்கோழி, மீசை ஆலா முதலியவற்றை இங்கு காணலாம். நடு ஆசிய வலசைப் பாதையின் தென்முனையை அண்டி அமைந்திருப்பதால் நவம்பர் முதல் பெப்ரவரி வரை வலசைப் பறவைகள் மிகுதி. இப்பகுதி 2015 ஆம் ஆண்டில் சுசீந்திரம்-தேரூர்-மணக்குடி பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022 இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

முன்னோடி

அண்டை மாவட்டமான திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912–1996) தென்னிந்திய இயற்கை ஒளிப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர். இவர் புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகனாவார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய ஒளிப்படக்கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். 1950 முதல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை குறித்த பத்தியை எழுதினார். 1970 இல் பத்மசிறீ விருது பெற்றார். அவர் காலத்தில் பகிர்வு என்பது அச்சிதழையும் கண்காட்சியையும் சார்ந்திருந்தது. படத்தைக் கண்ட வாசகர் திருத்தம் சொல்ல விரும்பினால் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

படம் சான்றாதல்

எண்ணிம ஒளிப்படக்கருவி பரவலான பின் இத்திருத்தம் சில மணி நேரத்தில் நிகழ்கின்றது. 2002 இல் தொடங்கப்பட்ட ஈபேர்டு திட்டத்தில் ஒருவர் ஓரிடத்துக்கு வழக்கமல்லாத பறவையைப் பதிந்தால், தன்னார்வ மதிப்பாய்வாளர் சான்று கேட்பார். அப்போது தெளிவற்ற ஒரு படம்கூட நீண்ட விளக்கத்தை விட வலுவானது. பரிசு பெறத் தகுதியற்ற படங்களே பெரும்பாலும் இவ்வகையில் பயன்படுகின்றன என்பது ஒளிப்படக் கலைஞர்கள் அறிய வேண்டிய ஒன்று. 2015 முதல் தமிழ்நாட்டில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் குறைந்தது 15 நிமிடம் பறவைகளை நோக்கிப் பட்டியலிடுவோர் படங்களையும் இணைக்கலாம்.

பழைய படங்கள் பின்னாளில் புதிய பொருள் பெறுவதும் உண்டு. ஒரே இனமாகக் கருதப்பட்ட ஒருவகை உப்புக்கொத்தி அண்மையில் சைபீரிய, திபெத்திய இனங்கள் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நாளும் இடமும் குறிக்கப்பட்ட படம் இருந்தால் முன்னைய பதிவை மீண்டும் ஆராயலாம். வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது அரிது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அதற்கு முன் எடுக்கப்பட்ட கழிமுகக் காட்சிகள், எடுத்தவர் எண்ணியிராத வகையில், இன்று நிலவியல் சான்றுகளாகின்றன.

இடத்தை வெளியிடுவதன் தீங்கு

நீள வால் இலைக்கோழி தாமரை, அல்லி போன்றவற்றின் மிதக்கும் இலைகளின் மீது முட்டையிடும். பெண் பறவை வேறு துணையை நாடிச் செல்ல, ஆண் பறவையே அடைகாத்துக் குஞ்சுகளையும் காக்கின்றது. படமெடுப்போர் நெருங்கினால் அது கூட்டை விட்டு விலகும். வெயிலில் முட்டை கெடலாம், காகம் கவரலாம். ஒருவர் ஒருமுறை செல்வது சிறு இடையூறு. கூடிருக்கும் இடம் படத்துடன் வெளியானால், அதே படத்தை எடுக்க விழையும் பலர் அதே வரப்பில் நாள்தோறும் வந்து நிற்பர். இதனால் கூட்டுப் படங்களைப் பகிர்வதில்லை என்பதைப் பல குழுக்கள் விதியாகவே கொண்டுள்ளன.

கைப்பேசிப் படங்களில் புவியிடங்காட்டி ஆயங்கள் படக்கோப்பிலேயே பதிந்திருக்கக்கூடும். பகிர்வதற்கு முன் அவற்றை நீக்க இயலும். ஐநேச்சுரலிசுட்டு தளம் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் இடத்தைச் சுமார் 0.2 பாகைக் கட்டத்துக்குள் மறைத்துக் காட்டுகின்றது. இக்கட்டம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்க அளவுடையது, அதாவது இச்சிறு மாவட்டத்தின் கால் பகுதிக்கும் மேல். ஆய்வாளருக்கு இது இழப்புத்தான். ஆயினும் கூட்டைத் தேடி வருவோரைத் தடுக்க வேறு எளிய வழியில்லை.

சட்டமும் உரிமமும்

சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துள் படமெடுக்க, 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி தேவை. வாழிடத்தை மாற்றாமலும் அதற்குத் தீங்கு விளைவிக்காமலும் எடுக்கப்பட வேண்டும் என 2022 திருத்தம் வரையறுத்தது.

ஒளிப்படத்தின் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கே உரியது. 2012 திருத்தத்துக்குப் பின் அவரது வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கின்றது. 2004 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விக்கிமீடியா பொதுவகத்தில் படத்தைச் சேர்ப்போர், எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்பது போன்ற கட்டற்ற உரிமத்தை அளிக்கின்றனர். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமங்கள் அங்கு ஏற்கப்படுவதில்லை.

படக்குறிப்பு

படக்குறிப்பில் ஊரில் வழங்கும் பெயரும் அறிவியற்பெயரும் சேர்ந்து இடம்பெறுவது நன்று. சங்க இலக்கியத்தில் வரும் அன்றில் எந்தப் பறவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனவே அரிவாள் மூக்கன் ஒன்றின் படத்துக்கு அப்பெயரை மட்டும் இடுவது குழப்பத்தைத் தரும்.