தூதும் ஆட்சியும்: தமிழகத்தில் ஆங்கில அரசின் தூதுப் பதவிகள்

தொண்டை நாட்டின் 24 கோட்டங்களுள் தாமல் கோட்டமும் ஒன்று. அக்கோட்டத்திற்குப் பெயர் தந்த தாமல் என்னும் ஊர் காஞ்சிமாநகருக்கு மேற்கே, ஆர்க்காட்டை நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் கருநாடக நவாபின் தலைநகராகிய ஆர்க்காட்டிற்கும், ஆங்கிலேயரின் கிழக்கிந்திய வணிகக் கும்பினியார் வாழ்ந்த சென்னைக் கோட்டைக்கும் இடையே கிடந்த நிலம் இதுவேயாம். இந்நிலத்திற் படைகள் சென்ற வரலாறு பலராலும் விரித்துரைக்கப்பட்டுள்ளது. தூதர் சென்ற வரலாறோ அத்துணை விளக்கம் பெறவில்லை. ஆயினும், ஆங்கிலேயர் ஆட்சி தமிழகத்தில் வேரூன்றிய வகையை அறிதற்குப் போர்க்களங்களைக் காட்டிலும் தூதுப் பதவிகளின் வரலாறே சிறந்த துணையாகும் என்பது எம் கருத்து.

தூது தமிழர்க்குப் புதிய துறையன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின்பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூறு கூறும். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அங்குப் பொலிவுடன் விளங்கிய படைக்கலங்களைப் புகழ்வது போலவே பேசி, அவை போர் காணாதவை என்பதை அவர் உணர்த்தினார். அரசன் சொல்லிவிட்ட சொல்லை ஒப்பிக்கும் செயலன்று இது. இடமறிந்து தாமே சொல் வகுத்த செயல். திருவள்ளுவர் பொருட்பாலில் தூதிற்கெனத் தனி அதிகாரம் அமைத்தார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர், தூதரைத் தாமே வகுத்துக் கூறுவார், கூறியது கூறுவார் என இருவகைப்படுத்தி, முன்னவரை அமைச்சரோடு ஒப்ப வைத்தார். இப்பாகுபாடு நூலளவில் நிற்பதன்று. ஐரோப்பிய அரசுகள் முழு அதிகாரம் பெற்ற தூதரையும் வெறும் முகவரையும் வேறுபடுத்திய முறையும் இதனோடு ஒத்ததே. எத்தூதன் எவர் பெயரால், எத்துணை உரிமையோடு பேசலாம் என்னும் வினாவே சென்னையில் இருமுறை பெருங்குழப்பம் விளைத்தது.

இந்திய மண்ணில் ஆங்கில மன்னரின் தூதராக முதற்கண் பெயர் பெற்றவர் சர் தாமஸ் ரோ. அவர் 1615-இல் சூரத்தில் இறங்கி, சகாங்கீரின் அவையில் இருந்து, 1619-இல் மீண்டார். மன்னரின் ஓலையை அவர் தாங்கினாரேனும் செலவை ஏற்றது கும்பினியே. 1699-இல் மசூலிப்பட்டினத்தில் வந்திறங்கிய சர் வில்லியம் நாரிசு ஔரங்கசீப்பின் பாசறை வரை சென்றும் கருதியது கைகூடாது திரும்பி, 1702-இல் கடற்பயணத்தில் இறந்தார். இவை நீங்கலாகக் கும்பினியார் தம் அலுவலரையும் துபாஷிகளையும் வக்கீல்களையும் கொண்டே உள்நாட்டு அரசரோடு உறவாடினர். வக்கீல் என்னும் சொல் இன்று வழக்கறிஞரைக் குறிக்கின்றது. அக்காலத்தில் ஓர் அரசவையில் மற்றோர் அரசின் சார்பில் இருப்பவனையும் குறித்தது. பிறர் பொருட்டுப் பேசுதல் என்னும் அடிப்படை இரண்டிற்கும் பொதுவாதல் காண்க.

நிலைமை மாறியது 1763-இல். அவ்வாண்டு பாரிசு நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் செய்துகொண்ட உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, முகம்மது அலியைக் கருநாடகத்தின் முறைப்படியான நவாபாக ஏற்றது. ஐரோப்பியப் போரொன்றை முடிக்கும் ஆவணத்தில் ஆர்க்காட்டு நவாபின் பெயர் ஏறியதன் விளைவை அதனை எழுதினோர் எண்ணிப் பார்த்தனரா என்பது ஐயமே. நவாபு நன்கு எண்ணிப் பார்த்தார். தாம் ஆங்கில மன்னரால் ஏற்கப்பட்ட அரசர். கும்பினியாரோ அம்மன்னரின் குடிகளாகிய வணிகர். ஆகவே தம் வழக்கை வணிகரிடம் அன்றி மன்னரிடமே உரைத்தல் தகும் என்பது அவர் துணிபு. சான் மக்பர்சன் என்பார் நவாபின் பொருட்டு இலண்டன் சென்று அமைச்சரைக் கண்டார். இம்மக்பர்சனே பின்னர் 1785, 1786 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக விளங்கினார் என்பது அக்கால அரசியலின் இயல்பை நன்கு காட்டும்.

இம்முயற்சியின் பயனாக 1770-இல் சென்னைக்கு வந்தவர் சர் சான் லிண்ட்சே. வெளிப்படையாக அவர் கடற்படைத் தலைவர். மறைவாக, நவாபின் அவைக்கு மன்னர் விடுத்த முழு அதிகாரத் தூதர். இரண்டாம் ஆணையைக் கும்பினியின் இயக்குநர்க்கும் தெரிவியாமல் இலண்டன் அமைச்சர் அளித்திருந்தனர். அக்காலக் கவர்னர் சோசையா டுப்ரே. மன்னரின் ஓலையையும் பரிசிலையும் நவாபிடம் அளிக்கும் விழாவில் கவர்னரும் அவையினரும் தம்மோடு வருதல் வேண்டும் என்று லிண்ட்சே கேட்டார், அவர்கள் மறுத்தனர். மைசூர்ப் போர் பற்றிய செய்திகளைத் தமக்கு அறிவித்தல் வேண்டும் என்றார், அதனையும் மறுத்தனர். கும்பினிக்கு உரிமைப் பட்டயம் அளித்தவரும் மன்னரே, லிண்ட்சேயை விடுத்தவரும் மன்னரே. ஆதலின் ஒருமன்னரின் இருகைகளே சேப்பாக்கத்திலும் கோட்டையிலும் ஒன்றோடொன்று பொருதன எனலாம்.

இப்பூசலை ஆங்கில வரலாற்றாசிரியர் சிலர் தன்முனைப்பு மிக்க இருதரத்தாரின் சிறு பிணக்காகக் கருதுவர். அஃது எமக்கு உடன்பாடன்று. நவாபின் கூற்றை ஏற்பின் கும்பினியார் தமிழகத்தில் ஓர் அரசரின் துணைவராகிய வணிகரே ஆவர். அவையினர் கூற்றை ஏற்பின் நவாபு கும்பினியைச் சார்ந்து வாழ்பவரே ஆவார். விழாவிற்கு வருவதா மறுப்பதா என்பதனுள் இவ்வினாவே அடங்கியிருந்தது. இவற்றையெல்லாம் அவையில் இரண்டாம் இடத்திலிருந்து கண்டவர் வாரன் ஹேஸ்டிங்சு. 1769 முதல் 1772 வரை அவர் சென்னையிற் பணிபுரிந்தார்.

லிண்ட்சே திருப்பியழைக்கப்பட, 1771-இல் சர் இராபர்ட்டு ஹார்லண்டு வந்தார். ஆள் மாறியும் பூசல் மாறவில்லை. அப்போது பேஷ்வா மாதவராவின் மராட்டியப் படை ஐதர் அலியைத் தாக்கியது. 1769 ஏப்ரலில் ஐதரோடு கும்பினியார் செய்த உடன்படிக்கை ஒருவர்க்கொருவர் காவலுதவி செய்தலைக் கூறிற்று. நவாபும் மன்னரின் தூதரும் மராட்டியரோடு சேர்தல் வேண்டும் என்றனர். அவையினர் அதற்கும் இணங்கவில்லை, ஐதருக்கும் உதவவில்லை. இவ்வாறு இருபாலும் சேராது நின்றமை கும்பினியாரை அவ்வாண்டில் காத்தது. ஐதரின் நெஞ்சில் மாறாப் பகையை விதைத்தது. ஹார்லண்டுக்குப் பின் நவாபின் அவைக்கு மன்னரின் தூதர் எவரும் இவ்வாறு விடுக்கப்படவில்லை. 1773-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம், போர், உடன்படிக்கை ஆகியவற்றில் சென்னையைக் கல்கத்தாவின் மேற்பார்வைக்கு உட்படுத்தியது.

ஐதரின் பகை ஆறவில்லை என்பதைக் கவர்னர் ரம்போல்டு உணர்ந்து 1779-இல் சீரங்கப்பட்டணத்திற்கு விடுத்த தூதர் கும்பினி அலுவலர் அல்லர்; தமிழும் மராத்தியும் பாரசீகமும் அறிந்த சமயத் தொண்டர் சுவார்ட்சு ஆவார். தமிழகத்திலிருந்து அக்காலத்திற் சென்ற தூதருள் மொழித்திறத்தால் இவரே தலைசிறந்தவர் எனத் துணியலாம். எனினும் அவர் கூறியது கூறுவாராகவே சென்றார். உடன்படிக்கையை முறித்தது யார் என்று ஐதர் சாட்டிய குற்றத்திற்கு மறுமொழி தரும் உரிமை அவர்க்கு இல்லை. மறு ஆண்டு ஐதரின் படை கருநாடகத்துட் புகுந்தது. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிக்கு அணித்தாகிய புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சியிலேயே தங்கியிருந்த ஹெக்டர் மன்றோ தம் பெரும்பீரங்கிகளை அந்நகரின் பெரிய குளத்தில் அமிழ்த்திவிட்டுப் பின்வாங்கினார். தூது பிழைத்ததன் விலையைக் கொடுத்தவர், அத்தூதைப் பற்றி ஏதும் அறியாத நெசவாளரும் உழவருமாகிய தொண்டை நாட்டு மக்களே.

இனி, தஞ்சைக்கு வருவோம். 1773-இல் நவாபின் பொருட்டுக் கும்பினிப் படை தஞ்சையைக் கைப்பற்றியது; 1776-இல் கவர்னர் பிகட்டு பிரபு துளசா மன்னருக்கு நாட்டை மீட்டளித்தார். நவாபுக்குக் கடன் கொடுத்த பால் பென்பீல்டு முதலியோர் தஞ்சை வருவாயில் தமக்குப் பங்குண்டு என்றனர். தஞ்சை அவைக்கு ரசலை அனுப்புவதா, படைத்தலைவர் சுடூவர்ட்டை அனுப்புவதா என்பதே அவையைப் பிளந்த வினாவாயிற்று. கவர்னர் முன்னவரையும் அவையின் பெரும்பான்மையர் பின்னவரையும் நாடினர். முடிவில் அச்சுடூவர்ட்டே 1776 ஆகத்து 24-ஆம் நாள் கவர்னரைச் சிறைசெய்தார். பிகட்டு 1777 மே 11-இல் காவலிலேயே இறந்தார். அயல் அவையொன்றில் ஒருவரை அமர்த்தும் பதவி, கவர்னர் பதவியையே கவிழ்க்கும் அளவு பொருள் பொதிந்ததாகிவிட்டமை இதனால் விளங்கும்.

அப்பதவியே ரெசிடெண்டு எனப்பட்டது. உறைபவர் என்பதே அச்சொல்லின் பொருள். 1799 அக்டோபர் 25-ஆம் நாள் உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி நாட்டின் ஆட்சியைக் கும்பினிக்கு ஒப்புவித்துக் கோட்டையும் சூழலும் மட்டும் தமக்கென வைத்துக்கொண்ட பின்னர், உறைந்தவரே ஆள்பவரானார். 1801 முதல் 1823 வரை வில்லியம் பிளாக்பர்ன் அப்பதவியில் இருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓர் அவையில் ஒரே தூதர்! அரசர் காசிப் பயணத்திற்கும் கும்பினியாரின் இசைவைப் பெற்றே புறப்பட வேண்டியிருந்தது. சரசுவதி மகால் நூலகத்தால் தமிழுலகம் நன்றியோடு நினைக்கும் அரசர் அவர். நூல் தொகுக்கும் ஓய்வு அவர்க்குக் கிடைத்ததற்கு ஆட்சி பறிபோனமையும் ஒரு காரணம் என்பதை மறத்தல் இயலாது.

பிளாக்பர்னின் கை தஞ்சையோடு நிற்கவில்லை. 1807-இல் புதுக்கோட்டைத் தொண்டைமான் இறந்து, இளையவர் பட்டமேற, அந்நாட்டின் மேற்பார்வையும் அவரிடம் வந்தது. அவர் காலத்தில் புதுக்கோட்டையின் அலுவல் மொழியாக மராத்தி புகுந்தது. மராட்டியர் ஆண்ட தஞ்சையில் மராத்தி வழங்கியதற்குக் காரணமுண்டு. தமிழ்க்குடித் தொண்டைமான் ஆண்ட நாட்டில், ஆங்கிலத் தூதர் ஒருவர் தமக்குப் பழகிய அலுவலரையும் முறையையும் கொண்டுவந்தமையால் கணக்கும் எழுத்தும் வேற்றுமொழிக்கு மாறின. ஔவையார் தூது சென்ற தொண்டைமானின் குடிப்பெயரைத் தாங்கிய அவையில் தூதரே மொழியை வகுத்த நிலை இது. தமிழ் ஆட்சிமொழி வரலாற்றை ஆராயும் முதுகலை மாணவர் இச்செய்தியைத் தனியே எடுத்து ஆராய்தல் வேண்டும்.

ஆர்க்காட்டிலும் இதே முடிவே. 1801 சூலையில் உம்தத்துல் உமரா இறந்தவுடன், அம்மாத இறுதியில் செய்யப்பட்ட உடன்படிக்கை கருநாடகத்தின் ஆட்சியைக் கும்பினிக்கு ஆக்கிற்று. தஞ்சை ரெசிடெண்டு பதவி 1841-இல் நீக்கப்பட்டபின், புதுக்கோட்டையோடு உறவாடும் பொறுப்பு மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி மாவட்டக் கலெக்டர்களிடம் முறையே அமைந்தது. வரி தண்டும் அலுவலரே தூதரும் ஆனார்! 1923-இல் அஃது இந்திய அரசின் நேரடித் தொடர்புக்கு மாற்றப்பட்டது. 1948 மார்ச்சில் அந்நாடு சென்னை மாகாணத்தோடு இணைந்தது.

அதே 1948-இல் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. சென்னையின் கடைசி ஆங்கிலக் கவர்னர் சர் ஆர்ச்சிபால்டு நை. விடுதலைக்குப் பின்னும் 1948 செப்டம்பர் வரை அவர் அப்பதவியில் இருந்தார். அதனை விட்டு நீங்கிய அவ்வாண்டிலேயே தில்லியில் பிரிட்டனின் ஹை கமிஷனராக அமர்ந்து, 1952 வரை பணியாற்றிப் பின் கனடாவுக்குச் சென்றார். தூதராக வந்தோர் ஆள்வோரான நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில், ஆண்டவர் தூதரானது இங்குதான். ஒரே முடியின்கீழ் அமைந்த நாடுகள் தம்முள் தூதரை விடுத்தல் பொருந்தாது என்பதனால் ஹை கமிஷனர் என்னும் பெயர் ஏற்பட்டது. 1950-இல் இந்தியா குடியரசான பின்னும் பொதுநலவாய உறவால் அப்பெயரே நிலைத்தது. தமிழில் அதனை உயர் ஆணையர் என்கிறோம். உறைபவர் என்று பொருள்படும் பெயருடையார் ஆணை செலுத்தினர். ஆணையர் என்னும் பெயருடையார்க்கு இந்நாட்டில் ஆணை செலுத்தும் உரிமை இல்லை. சொல்லும் பொருளும் இடம் மாறிய இவ்விந்தை சொற்பொருளியலார் நோக்குதற்குரியது.

நைக்குப் பின் கிளட்டர்பக், மால்கம் மக்டொனால்டு, பால் கோர்பூத்து முதலியோர் தில்லியில் அப்பதவியை வகித்தனர். 1965 சனவரி முதல் நாள், அயல்நாட்டுப் பணியும் பொதுநலவாயப் பணியும் ஒன்றாகி பிரிட்டிசு அரசுத்தூதுப் பணி உருப்பெற்றது. அவ்வாண்டிலேயே கோர்பூத்து தில்லியினின்றும் சென்று இலண்டன் அயலுறவு அலுவலகத்தின் நிரந்தரத் துணைச் செயலாளரானார்; 1968-இல் அப்பணியின் தலைமையையும் ஏற்றார். இந்தியத் தூது, பணியின் உச்சிக்கு இட்டுச்செல்லும் படியாக மதிக்கப்பட்டமை இதனால் தெளிவாம். லிண்ட்சேயும் ஹார்லண்டும் மன்னரின் ஓலையோடு வந்திறங்கிய சென்னையில், பிரிட்டனின் சார்பில் இருப்பவர் துணை உயர் ஆணையர் நிலையினர்.