படகு வலையமைப்பில் ஜிபிஎஸ் ஏற்பி

படகின் மின்னணுக் கருவிகளை இணைக்கும் என்எம்இஏ 2000 வலையமைப்பில் ஜிபிஎஸ் ஏற்பிக்குத் தனி மின்கம்பி தேவையில்லை. ஐந்து பின் கனெக்டர் வழியாகவே தரவும் 12 வோல்ட் மின்சாரமும் வந்துவிடும். படகுக்குள் ஓடும் முதன்மைக் கேபிளிலிருந்து டி வடிவ இணைப்பு மூலம் கிளை பிரியும். அது 6 மீட்டரைத் தாண்டக்கூடாது. சிறு படகுகளில் முதன்மைக் கேபிளுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே ஒரே இடத்தில் மின்சாரம் தருவார்கள்.

தகராறு பெரும்பாலும் முதன்மைக் கேபிளின் முனைகளில்தான். இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை பொருத்தியிருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவுக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் வரும். 120 வந்தால் ஒரு முனையில் மின்தடை இல்லை அல்லது கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது.

பழைய என்எம்இஏ 0183 ஏற்பிகள் வேறு வகை. அவற்றுக்கு மின்சாரமும் ஃபியூஸும் தனியாக வேண்டும். வழக்கமான வேகம் விநாடிக்கு 4800 பிட். புதிய வலையமைப்பில் சேர்க்க இடையில் ஒரு மாற்றி தேவை.

ஏற்பியைப் பாய்மர உச்சியில் ஏற்றுவது வீண் வேலை. வானம் மறையாத தாழ்வான இடமே போதும்; உச்சியின் ஆட்டம் வேகத்தையும் திசையையும் பிழையாகக் காட்டும்.