மூளைக்கு முதல் ஏவல்

கருவின் முதுகுப்புறப் படலம் தடித்துக் குழலாய் மடிந்து மூளையும் தண்டுவடமுமாகின்றது. அது தானே அங்ஙனமாமோ, பிறிதொன்றன் ஏவலால் ஆமோ?

ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில், ஸ்பேமன் என்னும் ஆசிரியரின் மாணவி ஹில்டே மாங்கோல்டு, நியூட் என்னும் நீர்நில வாழ்வியின் நிறமற்ற கருவினின்று சிறு துணுக்கெடுத்து, நிறமுடைய வேற்றினக் கருவில் வயிற்றுப்புறத்தே பதித்தார். ஆங்கு இரண்டாம் நரம்புக்குழல் எழுந்தது. அதன் பெரும்பகுதி ஏற்ற கருவினதே என்பது நிறத்தால் விளங்கிற்று. துணுக்குத் தான் மூளையாகாது அயலதை ஆக்கிற்று என்க.

இவ்வாய்வு 1924-இல் வெளிவந்தது. அவ்வாண்டே அம்மையார் தீவிபத்தில் மறைந்தார். 1935-இல் நோபல் பரிசு ஆசிரியர்க்கு வந்தது.

ஏவல் யாதென்பது 1996-இல் தவளைக் கருவில் தெளிந்தது. படலத்தைத் தோலாக்கும் பி.எம்.பி. புரதங்களை, அத்துணுக்கில் தோன்றும் நாகின், கார்டின் என்பன பற்றிச் செயலறச் செய்கின்றன. ஆதலின் ஏவல் பெரும்பான்மையும் தடைநீக்கமே. மூளையாகும் ஆற்றல் படலத்தின்கண் முன்னரே உளது.