லெய்டன் அச்சகமும் வாசகரின் அந்தரங்கமும்

அறிவு வரலாற்றை எழுதுவோர் நூலாசிரியரைப் பற்றி விரிவாகப் பேசுவர். அச்சிட்டவரைப் பற்றிச் சிறிது பேசுவர். படித்தவரைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயினும் ஆய்வுரிமை எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று. அச்சமின்றிப் படிப்போர்க்கும் அதில் சமபங்கு உண்டு. இதனை ஓர் அச்சகப் பெயரின் வரலாற்றைக் கொண்டே நாம் விளங்கிக்கொள்ளலாம்.

ஹாலந்து நாட்டு லெய்டன் நகரம் அரபு ஆய்வில் ஈடுபட்டோர்க்குப் புதியதன்று. அந்நகர்ப் பல்கலைக்கழகத்தின் அரபுப் பேராசிரியர் எர்பேனியஸ் 1613இல் அரபு இலக்கண நூலொன்றை வெளியிட்டார். பின்னர்க் கீழைமொழி அச்சகமொன்றைத் தாமே நிறுவினார். 1624இல் அவர் மறைந்தபின் அவருடைய அரபு அச்செழுத்துக்களை எல்செவியர் குடும்பத்தார் வாங்கினர். அவர்தம் மாணவர் கோலியஸ், மொராக்கோவிலும் அலெப்போவிலும் கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் திரட்டியவர். அவர் தொகுத்த அரபு-லத்தீன் அகராதி 1653இல் அக்குடும்பத்தாரின் அச்சகத்திலிருந்தே வெளிவந்தது.

அதே அச்சகம் மற்றொரு பெருமைக்கும் உரியது. 1633இல் ரோமாபுரியின் சமய விசாரணை மன்றம் கலீலியோவைத் தண்டித்து வீட்டுக்காவலில் வைத்தது. அவருடைய நூல்கள் அச்சேறவும் தடை விதிக்கப்பட்டது. எல்செவியர் குடும்பத்தவர் ஒருவர் 1636இல் அம்முதியவரைச் சந்தித்தார். 1638இல் இரு புதிய அறிவியல்கள் பற்றிய அவரது நூல் லெய்டனில் வெளியாயிற்று. கையெழுத்துப் பிரதியை பிரெஞ்சுப் பிரபு ஒருவரிடம் ஒப்படைத்ததாகவும், அது அச்சேறிய செய்தி தமக்கு வியப்பளித்ததாகவும் கலீலியோ அதில் எழுதிவைத்தார். பதிப்பாளர் வாய் திறந்திருந்தால் ஆசிரியரின் நிலை என்னவாகியிருக்கும்? அன்று அறிவைக் காத்தது துணிவு மட்டுமன்று. பதிப்பாளர் காத்த இரகசியமும் ஆகும்.

படிப்போரின் பெயரைப் பதிவு செய்வதே தவறு என்று நாம் கூறவில்லை. திமிஷ்கு நகரத்துப் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் ‘ஸமாஅ’ எனப்படும் குறிப்புகளைக் காணலாம். எந்த நாளில், எந்த இடத்தில், யார் முன்னிலையில் அந்நூல் வாசிக்கப்பட்டது, யார் யார் இருந்து கேட்டனர் என்பவை அவற்றில் உள்ளன. பெண்களின் பெயர்களும் சிறுவர்களின் பெயர்களும் கூட இடம்பெற்றுள்ளன. அப்பதிவு அவையறியச் செய்யப்பட்டது. கேட்டவருக்குச் சான்றாகவும் கண்ணியமாகவும் அமைந்தது. படிப்பவர் அறியாமல், பிறர் நலனுக்காகச் சேர்க்கப்படும் குறிப்பு வேறு இனத்தைச் சேர்ந்தது.

1987இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கணித, அறிவியல் நூலகத்திற்கு அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் சென்று, அயல்நாட்டார் அங்கே எவற்றைப் படிக்கின்றனர் என வினவினர். நூலகத் தலைமையினர் விடையளிக்க மறுத்தனர். செய்தி வெளியாகி, மறு ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை சென்றது. அன்று கதவருகே நின்று மறுப்பதற்கு ஒரு நூலகர் இருந்தார்.

இன்றைய நிலை யாது? முன்னர் நூலகம் ஆய்விதழை விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்தது. அதனை எடுத்துப் படித்தவர் யாரெனப் பதிப்பாளர் அறிய வழியில்லை. இன்றோ கட்டுரை பதிப்பாளரின் கணினியிலேயே இருக்கிறது. நூலகம் கட்டணம் செலுத்தி நுழைவுரிமை மட்டும் பெறுகிறது. எந்தக் கட்டுரை எப்போது திறக்கப்பட்டது, எது பதிவிறக்கப்பட்டது, அடுத்து எது தேடப்பட்டது என்பனவெல்லாம் அங்கே பதிவாகக் கூடும். பெரும் பதிப்பகங்கள், கட்டுரை விற்பனையிலிருந்து வாசகர் பற்றிய தரவு வணிகத்திற்கு மாறிவருகின்றன என்று ஜெர்மன் ஆய்வுக் கழகத்தின் நூலகக் குழு 2021இல் எச்சரித்தது.

எல்செவியர் என்னும் பெயரை இன்று தாங்கியிருப்பது அப்பழைய குடும்பமன்று. 1880இல் ரோட்டர்டாமில் தோன்றிய நிறுவனம் அப்பெயரையும், மரமும் கொடியும் முதியவரும் கொண்ட அதன் பழைய முத்திரையையும் எடுத்துக்கொண்டது. அது 2013இல், ஆய்வாளர்கள் மேற்கோள் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் மெண்டலியையும், 2016இல் அச்சேறாக் கட்டுரைகளின் களஞ்சியமான எஸ்.எஸ்.ஆர்.என்.ஐயும் வாங்கியது. அதன் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த லெக்சிஸ்நெக்சிஸ், 2021இல் அமெரிக்கக் குடியேற்றக் காவல் துறையுடன் தரவு ஒப்பந்தம் செய்துகொண்டது. வாசகர் பட்டியல் அத்துறைக்குச் சென்றதென நாம் சொல்லவில்லை. ஆயினும் ஒரே கூரையின்கீழ் நூலகமும் ஒற்றர் சுவடியும் இருக்குமாயின், படிப்பவரின் கை தயங்காதா? தடைசெய்யப்பட்ட நூலைத் தேடியேனும் படிப்பார்கள். தம்மைக் கவனிக்கும் நூலையோ, எவரும் தடுக்காமலே, மூடிவைத்துவிடுவார்கள். இத்தடைக்கு ஆணையும் வேண்டியதில்லை, நீதிமன்றமும் வேண்டியதில்லை.

இது அயலார் கவலை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் வாயிலாக, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் இந்திய அரசுக் கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. நம் பிள்ளைகளுக்கு இது பெரும்பேறு, வரவேற்போம். அதனுடன் ஒரு வினாவையும் சேர்த்தே எழுப்புவோம்: அவர்கள் படித்தவற்றின் குறிப்பு எத்தனை நாள் வைக்கப்படும், யாருக்குக் காட்டப்படும்? இதற்கான விடை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுதல் நூலகர்களின் கடமை. கேட்குமாறு தூண்டுதல் பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கும் நம் கடமை.