உதயசூரியன் வீட்டுப் பாட்டு: மறுபதிவுகளின் வழியே ஒரு நாட்டார் பாடல்

1. ஆய்வுப் பொருள்

நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வீடு ஒன்றில் சீரழிந்த வாழ்வைச் சொல்லும் அமெரிக்க நாட்டார் பாடல் 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. அதன் மறுபதிவுகளைக் கால வரிசையில் கேட்டால் ஓர் உண்மை புலப்படும்: புதிதாகப் பாடிய ஒவ்வொருவரும் பாட்டை இன்னும் பெரிய கூட்டத்திடம் சேர்த்தார்கள், அதே வேகத்தில் முன்பு பாடியவரை மறக்கடித்தார்கள்.

2. மலைநாட்டுக் குரல்கள்

இசைத்தட்டில் நாம் அறிந்த முதல் பதிவு 1933இல் டாம் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் பாடியது. ஆனால் பிற்காலப் புகழின் ஊற்றுக்கண் வேறிடத்தில் இருக்கிறது. 1937இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு கென்டக்கியின் மிடில்ஸ்பரோவுக்குப் போனார். அங்கே சுரங்கத் தொழிலாளியின் மகள், 16 வயது ஜார்ஜியா டர்னர், துணைக்கருவி ஏதுமின்றி இதைப் பாடினாள். கெட்டழிந்த பெண்ணொருத்தி தன் தங்கையை எச்சரிக்கும் பாட்டு அது. 1941இல் வெளியான தம் தொகுப்பு நூலில் லோமாக்ஸ் அதை அச்சேற்றினார். அவள் பெயரையும் குறித்தார்.

3. கிரீன்விச் வில்லேஜ்

உடி கத்ரி, ஜோஷ் வைட், லெட் பெல்லி என்று பலர் வாயிலும் பாட்டு புழங்கியது. அதன் இசையமைப்பில் பெரிய மாற்றம் செய்தவர், நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பாடகர் டேவ் வான் ராங்க். கிதாரின் கீழ்ச்சுரங்கள் படிப்படியாக இறங்கிவரும் அவரது அமைப்பு, பாட்டுக்கு இருண்ட ஆழத்தைத் தந்தது. தாமே பதிவுசெய்யும் எண்ணத்தில் அவர் இருக்க, இளைஞர் பாப் டிலன் முந்திக்கொண்டு 1962இல் வெளிவந்த தம் முதல் ஆல்பத்தில் சேர்த்துவிட்டார். அதன்பின் வான் ராங்க் மேடையில் பாடினால், டிலன் பாட்டைப் பாடுகிறார் என்றார்கள். மனம் நொந்து அவர் அதைப் பாடுவதையே நிறுத்தினார். ஈராண்டில், ஓர் ஆங்கிலக் குழுவால், டிலனுக்கும் அதே கதி வந்தது.

4. 1964

இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த 'தி அனிமல்ஸ்' குழு மே மாதத்தில் ஒரே முயற்சியில் இதைப் பதிவுசெய்தது. ஹில்டன் வாலன்டைனின் கிதார் ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து ஒலித்தது. ஆலன் பிரைஸின் ஆர்கன் அதன்மேல் எழுந்தது. எரிக் பர்டன் அடிவயிற்றிலிருந்து பாடினார். கதை சொல்பவளும் ஆணாக மாறினாள். மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டை ஒலிபரப்ப வானொலி தயங்கிய காலத்தில் இது நாலரை நிமிடம். அப்படியிருந்தும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவிலும் பாட்டு முதலிடத்துக்கு வந்தது.

இந்த ஆண் குரல் வென்றதில் எனக்கு மனக்குறை உண்டு. பெண் பாடும்போது வீடு அவளைச் சிறைவைத்த இடம். ஆண் பாடும்போது அவன் பொழுதைத் தொலைத்த இடமாகச் சுருங்குகிறது.

5. உரிமை

மரபுப் பாடலில் இசையமைப்புக்கே புது உரிமை கிடைக்கும். அனிமல்ஸ் தட்டில் அந்த உரிமைக்கு ஆலன் பிரைஸின் பெயர் மட்டும் இருந்தது. வாலன்டைனின் விரல்களுக்கு அதில் இடமில்லை, வான் ராங்கின் சுரங்களுக்கும் இல்லை. 1941இல் நூலில் அச்சான ஜார்ஜியா டர்னரின் பெயர், பாட்டு உலகை வென்றபோது தட்டில் இல்லை.