இழவும் இளிவும்: ஒரு படம் எப்போது துன்பியலாகிறது?



அழவைக்கும் படங்களையெல்லாம் ‘துன்பியல் காவியம்’ என்று எழுதுவது நம் பத்திரிகைகளின் வழக்கமாகிவிட்டது. அழுகை வந்துவிட்டால் அது துன்பியலா? நாயகன் செத்துவிட்டால் துன்பியலா? இலக்கியம் கற்பிக்கும் வகுப்பறைகள் இல்லை என்றுதான் சொல்லும். ஆனால் அந்தக் கேள்வி வகுப்பறையோடு முடிவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு ஒரு சாவை என்ன வகைக் கதையாகச் சொல்வது என்பது வழக்காடி நிலைநாட்ட வேண்டிய காரியமாக இருந்திருக்கிறது. அதனால்தான் இந்த நினைவுரைக்கு இதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தின் அரிஸ்டாட்டில் தன் ‘கவிதையியலில்’ துன்பியல் நாடகத்துக்குச் சில கூறுகளைச் சொன்னார். நாயகன் முழு நல்லவனுமல்ல, கொடியவனுமல்ல. அவன் செய்யும் ஒரு பிழையால் அவன் நிலை தலைகீழாகிறது. அதுவரை அறியாத உண்மையை அவன் அறிகிறான். பார்ப்பவருக்கு இரக்கமும் அச்சமும் எழுகின்றன. தற்செயலாக நேரும் சாவு துன்பியலாகாது. ஒருவர் தேர்ந்து செய்த செயலிலிருந்து முடிவு பிறக்க வேண்டும்.

இந்த மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், 1950இல் குண்டலகேசிக் கதையைத் தழுவி ‘மந்திரி குமாரி’யை எடுத்தது. தன்னைக் கொல்லத்தான் கணவன் மலையுச்சிக்குக் கூட்டி வந்திருக்கிறான் என்று அவள் அறிகிறாள். அறிந்த அதே இடத்தில் அவனைத் தள்ளிவிடுகிறாள். அறிதலும் தலைகீழ் மாற்றமும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. அரிஸ்டாட்டில் மெச்சியிருக்கக்கூடிய காட்சி அது.

ஆனால் அவருடைய இலக்கணத்தில் ஒரு வாசல் நமக்கு மூடியிருந்தது. நாயகன் புகழ்பெற்ற பெருங்குடியில் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்றார் அவர். அரசன் விழுந்தால் துன்பியல், ஆள்காரன் விழுந்தால் வெறும் விபத்து. 1966இல் ‘நவீனத் துன்பியல்’ என்ற நூலை எழுதிய ரேமண்ட் வில்லியம்ஸ் இந்தப் பாகுபாட்டைத்தான் கேள்வி கேட்டார். சுரங்க விபத்தில் சாகிறவர்களின் துயரத்தை ‘இது இலக்கியத் துன்பியல் அல்ல’ என்று ஒதுக்கும்போது நாம் இலக்கியத்தைக் காப்பாற்றவில்லை, அந்தச் சாவுகளுக்குப் பின்னால் உள்ள சமூக ஒழுங்கைத்தான் காப்பாற்றுகிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழில் நமக்கு இன்னொரு கருவி இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளியவராதல் இளிவு. உயிரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. வரிசையில் இழவுக்கும் முன்னால் நிற்பது இளிவு. சாவுக்கு அழுவதற்கு முன்பே, இகழப்பட்டதற்கு அழுவதை இலக்கணம் கண்டுகொண்டிருக்கிறது. தமிழ்ப் படம் இந்த வரிசையை எப்படிக் கையாண்டது என்பதே நாம் பார்க்க வேண்டிய வரலாறு. இழவைத் தாராளமாகக் காட்டியது, இளிவை மறைத்தது என்பது எங்கள் வாதம்.

சாவுக்கு வேறு பெயர்

பேசும் படம் தமிழுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே நந்தன் திரைக்கு வந்துவிட்டார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். பெரியபுராணத்தில் இல்லாத நிலவுடைமை வேதியர் பாத்திரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தன் கீர்த்தனையில் சேர்த்திருந்தார். பண்ணையாளின் இளிவு அதனால் கதைக்குள் வந்துவிட்டது. ஆனால் முடிவு மாறவில்லை. நந்தன் தீக்குள் இறங்குகிறார், தூய உருவோடு எழுகிறார், சோதியில் கலக்கிறார்.

ஒரு சேரி மனிதர் கோவிலுக்குள் நுழையத் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்பதைவிடப் பெரிய துன்பியல் வேறென்ன? ஆனால் கதை அதைத் துன்பமாகவே ஒப்புக்கொள்ளவில்லை, முக்தி என்றது. பார்ப்பவர் அச்சப்பட வேண்டிய இடத்தில் கைகூப்புகிறார். சாவுக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் துன்பியல் அங்கேயே கலைந்துபோகும்.

பிறப்புக்கு வேறு பெயர்

அடுத்தது மதுரைவீரன். நம் பக்கத்து அருந்ததியர் தெருக்களில் அவன் குலசாமி, கூத்து மேடையில் விடிய விடிய வாழ்பவன். கதைப்பாடலில் அவன் செருப்புத் தைக்கும் சின்னானின் வீட்டில் வளர்கிறான். பாளையக்காரன் மகள் பொம்மியைக் காதலித்து உடன்போகிறான். படையை எதிர்கொண்டு வெல்கிறான். மதுரையில் திருமலை நாயக்கரிடம் வேலைக்குச் சேர்ந்து கள்ளர்களை அடக்குகிறான். அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளோடு ஏற்பட்ட உறவால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான்.

துன்பியலின் எல்லாக் கூறுகளும் இதில் உண்டு. அவன் தேர்ந்து செயல்படுகிறான். எந்த வீரத்தால் உயர்ந்தானோ அதே வீரத்தாலும் அதே காதலாலும் வீழ்கிறான். யாருக்காகப் போரிட்டானோ அவனே வெட்டச் சொல்கிறான். அறிதல் எங்கே? நாட்டார் மரபு அதற்குத் தனி வழி கண்டது. கொல்லப்பட்டவன் தெய்வமாகிறான். கொன்ற ஊர் அஞ்சிப் படையல் போடுகிறது. மதுரை மீனாட்சி கோவிலின் கிழக்குக் கோபுரத்தருகே அவனுக்குச் சன்னதி இருக்கிறது. கிரேக்க மேடையில் அரசன் வாயால் சொல்லும் ஒப்புதலை இங்கே ஊர் பொங்கல் வைத்துச் சொல்கிறது.

ஆனால் கதைப்பாடலுக்குள்ளேயே ஒரு முடிச்சு உண்டு. அவன் உண்மையில் காசி அரசனின் மகனாம். கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு, சின்னானால் எடுத்து வளர்க்கப்பட்டவனாம். சாதி கடந்த காதலைப் பாடும் கதைகளில் இப்படிப் பிறப்பை மாற்றும் ஒட்டு மறுபடி மறுபடி வருவதை நாட்டார் வழக்காற்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முத்துப்பட்டன் கதையிலும் அவன் மணந்த சக்கிலியப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள் என்று சொல்லும் வடிவம் உண்டு. தாழ்த்தப்பட்டவனுக்கு வீரமும் காதலும் இருந்ததை ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் அவனுக்கு அரச ரத்தம் ஏற்றினார்கள்.

1956இல் டி. யோகானந்த் இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ இந்த அரச ரத்தத்தைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. திரையில் சாவது அரிதான எம்.ஜி.ஆர். அதில் செத்தார். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய் அழுதார்கள். வளர்த்த பெற்றோராக நடித்தவர்கள் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். செருப்புத் தைக்கும் குடும்பத்தின் வாழ்க்கை நகைச்சுவை இணையின் கைக்குப் போனது. இழவு நாயகனுக்கு, நகை சேரிக்கு, இளிவு யாருக்கும் இல்லை. அரிஸ்டாட்டில் கேட்ட பெருங்குடிப் பிறப்பு நிறைவேறியது. ஆனால் அவன் ஏன் வெட்டப்பட்டான் என்பது மங்கிப்போனது. அரசன் மகன்தான் என்று தெரிந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டார்களே என்று பார்ப்பவர் வருந்தலாம். சின்னான் மகனாகவே இருந்தாலும் வெட்டக் கூடாது என்று அவர் நினைக்க வேண்டிய தேவையே அங்கில்லை.

காரணத்துக்கு வேறு பெயர்

1990களுக்குப் பிறகு தமிழ்ப் படம் சாதி கடந்த காதலை நேரடியாகவே எடுத்தது. 1997இல் வந்த சேரனின் ‘பாரதி கண்ணம்மா’வில் பண்ணை வீட்டுப் பெண்ணின் சிதையில் வேலைக்காரன் பாய்கிறான். 2004இல் வந்த பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ படத்தில் மெக்கானிக் பையன் சித்தம் கலைந்து தெருவில் திரிகிறான். இரண்டும் நேர்மையான வலியோடு எடுக்கப்பட்டவை, நம்மில் பலரை உலுக்கியவை. ஆனால் முடிவில் யார் எதை அறிகிறார்கள்? ‘காதல்’ படத்தில் அந்தப் பெண்ணை மணந்த கணவனின் பெருந்தன்மை கடைசிக் காட்சியை நிறைக்கிறது. அடித்தவர்களிடம் கேள்வி போய்ச் சேரவில்லை. காதல் கொடியது, விதி கொடியது என்ற எண்ணத்தோடு கூட்டம் வீட்டுக்குப் போகிறது.

சாதியை விதியாகக் காட்டும் படம் துன்பியலாவதில்லை. விதிக்கு முகவரி கிடையாது. சாதிக்குத் தெரு உண்டு, கோவில் உண்டு, வாட்ஸ்அப் குழு உண்டு, தலைவர் உண்டு.

தண்டவாளத்தில் எழுதப்பட்ட கதை

இதைக் கலை விமர்சனமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாத இடத்தில் நாம் இருக்கிறோம். 2015 ஜூன் மாதம் திருச்செங்கோடு மலைக்கோவிலுக்கு உடன் படித்த தோழியோடு போயிருந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. காதல் தோல்வியால் தற்கொலை என்று நம்பவைக்க ஒரு கடிதமும் ஒரு காணொளியும் உண்டாக்கப்பட்டிருந்தன.

இதைக் கூர்ந்து பாருங்கள். கொலையாளிகள் உயிரை எடுத்ததோடு நிற்கவில்லை. அந்தச் சாவுக்கு ஒரு கதை வகையையும் தேர்ந்தெடுத்தார்கள். அது நாம் திரையில் பார்த்துப் பழகிய சோகக் கதை: காதலித்தான், தோற்றான், செத்தான். காரணம் இல்லாத, செய்தவர் இல்லாத கதை. அந்தக் கதையை ஊர் நம்பிவிடும் என்ற துணிச்சல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அதில் நம் படங்களுக்கும் பங்குண்டு.

அந்தக் கதையை மாற்றி எழுத ஏழு ஆண்டுகள் ஆயின. ஒரு தாயும், வழக்கறிஞர்களும், களத்தில் நின்ற தோழர்களும் விடாமல் போராடினார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் இது கொலை என்று சொல்லிப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதிசெய்தது. காரணத்துக்கு அதன் சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. சோகக் கதைக்கும் துன்பியலுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் இந்த வேறுபாட்டை நிலைநாட்ட இவ்வளவு ஆண்டுகள் தேவைப்பட்டன.

சாகாத நாயகன்

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2018இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. நெல்லைப் பக்கக் கதைதான், ஆனால் நமக்குத் தெரிந்த தண்டவாளம் அதிலும் இருக்கிறது. சாதிக்காகக் கொன்றுவிட்டு விபத்தாகவும் தற்கொலையாகவும் காட்டும் கிழவர் ஒருவர் அதில் வருகிறார். கொலைக்குப் போலிக் கதை எழுதும் தொழிலையே அந்தப் படம் பாத்திரமாக்கிவிட்டது. இளிவை அது மறைக்கவில்லை. பரியன் மீது சிறுநீர் கழிக்கப்படுவதையும், அவன் தகப்பன் ஆடை உருவப்பட்டு ஓடுவதையும் நாம் கண்ணை மூடாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

பரியன் சாகவில்லை. அப்படியானால் அது துன்பியல் இல்லையா? அரிஸ்டாட்டிலே சாவைக் கட்டாயமாக்கவில்லை. கொல்லப்போகும் தறுவாயில் உண்மை அறியப்பட்டு கொலை நிற்கும் நாடகத்தையும் அவர் உயர்வாகவே வைத்தார். இங்கே இளிவைச் சுமந்தவன் உயிரோடு எதிரே உட்கார்ந்து பேசுகிறான். அறிய வேண்டியவர் பெண்ணின் தகப்பன். அவர் அறிந்தாரா என்பதைப் படம் முடித்துச் சொல்லாமல், இரண்டு தேநீர்க் கோப்பைகளைக் காட்டிவிட்டு நம்மிடம் விட்டுவிடுகிறது.

2023இல் அவருடைய ‘மாமன்னன்’ நம் சேலத்துக்கே வந்தது. தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆதிக்கச் சாதித் தலைவர் முன் வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கிறார். கிணற்றில் குளித்த சிறுவர்கள் கொல்லப்பட்டபோதும் கட்சிக்காக அடங்கிப்போனவர். செம்மையான துன்பியல் பிழை அது: அவருடைய பொறுமையே, விசுவாசமே அவருடைய பிழை. அதை அறிந்து அவர் உட்காரும் இடத்தில் படம் தன் உச்சத்தைத் தொடுகிறது.

பிறகு நடந்ததையும் நாம் மறக்கக் கூடாது. படம் இணையத்தில் வெளியானதும் வில்லன் ரத்னவேலின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாடல்களை ஒட்டி, அவனை நாயகனாக்கிக் கொண்டாடினார்கள். இயக்குநர் இளிவைக் காட்டினார், அவர்கள் அதில் தங்கள் பெருமையைப் பார்த்தார்கள். துன்பியல் திரையில் முடிவதில்லை, பார்ப்பவரிடம்தான் முடிகிறது. பார்ப்பவர் அறிய மறுத்தால் எவ்வளவு நல்ல படமும் பாதியில் நின்றுவிடும். அந்த மீதிப் பாதி இயக்குநரின் வேலையல்ல, நம் வேலை.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு படத்தைப் பார்த்து அழுதீர்கள் என்றால் வெட்கப்பட வேண்டாம். அழுது முடித்ததும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். செத்தவர் எதைத் தேர்ந்து செய்தார்? அவர் சாவுக்குக் காரணமானது பெயரோடு சொல்லப்பட்டதா? அவர் பட்ட இளிவு காட்டப்பட்டதா, சிரிப்பாக்கப்பட்டதா? கடைசியில் யார் எதை அறிந்தார்?

களத்தில் இருக்கும் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறோம். ராசிபுரம், திருச்செங்கோடு, ஓமலூர், சங்ககிரிப் பக்கங்களில் மதுரைவீரன் கதையைச் சொல்லும் பூசாரிகளும் கூத்துக்காரர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கதையை முழுதாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். காசி அரசன் இல்லாத வடிவம் ஏதாவது ஒரு தெருவில் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் மன்றத்துக்குக் கொண்டு வாருங்கள், அச்சிடுவோம். சின்னானின் மகனாகவே பிறந்து, சின்னானின் மகனாகவே பொம்மியை மணந்து, அதற்காகவே வெட்டுப்பட்ட வீரனைப் பற்றி ஒரு படம் இன்னும் எடுக்கப்பட வேண்டியிருக்கிறது.